இடமும் வலமும்

ஆங்கில அரிச்சுவடியை அண்மையிலே தொடங்கிய பாலர், அதன் இரண்டாம் எழுத்தாகிய சிறிய 'பி'யை நான்காம் எழுத்தாகிய 'டி'போல எழுதிவிடுவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். கண்ணிலே பழுது என்பார் சிலர்; கவனம் போதாது என்று காதைத் திருகுவார் சிலர். இருசாராரும் பிழைபடுகின்றனர் என்பதே எமது கருத்து.

கோப்பையின் பிடி வலப்புறம் இருப்பினும் இடப்புறம் இருப்பினும் அது அதே கோப்பைதான். இடம் நோக்கி நிற்கும் பசுவே வலம் நோக்கித் திரும்பினால் வேறு பசுவாகிவிடுவதில்லை. இவ்வாறு திசையைப் பொருட்படுத்தாது பொருளை இனங்காண்பது மூளையின் பழைய வழக்கம். எழுத்தோ அவ்வழக்கத்துக்கு மாறானது. ஒரு கோடு, ஒரு வட்டம். வட்டம் வலப்புறமாயின் 'பி', இடப்புறமாயின் 'டி'. வாசிக்கக் கற்பவன் பார்வையின் இயல்பையே ஓரளவு மறக்கவேண்டியிருக்கின்றது. பிரான்சு நாட்டு அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹான், வாசிப்பைப் பற்றி 2007இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார்.

தமிழருக்கு இதிலே சுவையான செய்தியொன்றுண்டு. இடம் வலம் மாறியதனால் மட்டுமே வேறாகிவிடும் எழுத்துச் சோடி எமது நெடுங்கணக்கில் இல்லை. எரிக் பெடர்சன் என்னும் மொழியியலாளர் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. கோட்டுருவம் ஒன்றையும் ஒரு துண்டையும் காட்டி, இத்துண்டு அவ்வுருவத்தில் உளதோ என வினவினர். கண்ணாடியிற் கண்டதுபோலத் திருப்பிய துண்டையும் 'உண்டு' என்று கொள்ளும் போக்கு எழுத்தறியாதாரிடம் காணப்பட்டது. தமிழ் மட்டும் வாசிப்போரும் ஏறக்குறைய அவ்வாறே விடையளித்தனர்! ஆங்கில எழுத்தும் அறிந்தோரே வேறுபாட்டைக் கூடுதலாகக் கண்டுகொண்டனர். தமிழ் மட்டும் கற்றோர் பார்வையிற் குறைந்தவரல்லர். அவர்கள் பயின்ற எழுத்து அவ்வேறுபாட்டை அவர்களிடம் கேட்கவேயில்லை.

எனவே, தமிழைத் தடையின்றி வாசிக்கும் ஆறு வயதுப் பிள்ளை ஆங்கிலத்திலே தடுமாறினால் வியப்பதற்கில்லை. பெரும்பாலும் எட்டு வயதளவில் இது மறைந்துவிடும். அதன் பின்னும் நீடித்து, வாசிப்பும் தடைப்படுமாயின் வல்லுநரிடம் காட்டுவதே முறை. பிரம்பால் ஆவதொன்றில்லை.

ஏடு தொடக்கும் நாளில் விரல்பிடித்து அரிசியிலே எழுதுவிக்கின்றோமல்லவா? அவ்வழக்கம் இங்கும் உதவும். எழுத்தை விரலாலே தடவி அறியும் சிறுவர் அதனை எளிதிற் கற்பதைப் பரிசோதனைகளும் காட்டியுள்ளன. 'பி'க்குக் கோட்டை முதலிலும் 'டி'க்கு வட்டத்தை முதலிலும் வரையச் செய்க. ஒரே நாளில் இரண்டையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டா.