திரும்பப் பெறுவதா, திரும்பக் கொடுப்பதா?



நீங்கள் எனக்கு அனுப்பும் கன்வென்ஷன் நோட்டீஸ்களில் எல்லாம் இப்போது ஒரே வாக்குத்தத்தம்தான்: இழந்ததைக் கர்த்தர் திரும்பத் தருவார். வேலை, விசா, வீடு, விற்காமல் கிடக்கிற நிலம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆதாரம், யோவேல் 2-ஆம் அதிகாரத்தில் வெட்டுக்கிளி தின்ற வருஷங்களைப் பற்றிய வசனம். அதே அதிகாரத்தில் பன்னிரண்டு வசனங்களுக்கு முன்னால், வெளியே காட்டும் துக்கம் போதாது, உள்ளம் உடைந்து வாருங்கள் என்று அவர் அழைக்கிறார். அதை எந்த நோட்டீசும் அச்சடிப்பதில்லை.

"ஜெபிக்க முடியவில்லை சார், கடவுள் தூரமாகிவிட்டார்" என்று சிலர் எழுதுகிறீர்கள். நோயிலும் சாவிலும் ஒடிந்துபோனவர்களை நான் இங்கே சொல்லவில்லை. யோபுவிடம் குற்றம் தேடிய நண்பர்களைக் கர்த்தரே கண்டித்தார். நான் கேட்பது மற்றவர்களிடம். பிறருடைய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கடவுளை எங்கே தேடுகிறீர்கள்?

நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு என்ன கொடுத்தது தெரியுமா? மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது, மகளுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்டம் மாறிவிட்டது. நம் வீடுகள் மாறினவா? தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, அந்த மண்ணில் வீடு கட்டி, போதகரை அழைத்துப் பிரதிஷ்டை ஜெபமும் நடத்துகிறோம்.

"கல்யாணத்துக்குத்தான் கொடுத்தோமே" என்பீர்கள். அது மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய வரதட்சணை. 1961 முதல் அது சட்டப்படி குற்றம். ஒரு குற்றத்தைக் காட்டி இன்னொரு அநியாயத்தை மூட முடியாது.

"இரட்சிப்பு கிருபையினால்தானே, கிரியையினால் அல்லவே" என்று வேதம் படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் லூக்கா 19-ஐ நிதானமாகப் படியுங்கள். சகேயு ஒரு காசு கொடுப்பதற்கு முன்பே இயேசு அவன் பெயரைச் சொல்லி அழைத்தார், அவன் வீட்டுக்கு வந்தார். கிருபைதான் முதலில் வந்தது. அது வந்த பிறகு, ஏமாற்றியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்காமல் அவனால் இருக்க முடியவில்லை. கொடுத்து அவன் கிருபையை வாங்கவில்லை. கிருபை உள்ளே வந்ததை அந்தக் கொடுத்தல் காட்டியது. அப்படி எதுவும் நம் வீட்டில் நடக்கவில்லை என்றால், உள்ளே வந்தது யார் என்று யோசிக்க வேண்டாமா?

நம் முன்னோர் கதையும் இதுதான். மயிலாடி மகாராசன் சிதம்பரம் வரை யாத்திரை போயும் மனம் அமையாமல், தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு வேதமாணிக்கம் ஆனார். 1806-இல் ரிங்கல்தொபே மயிலாடிக்கு வந்தபோது, வரியிலிருந்தும் கட்டாய ஊழியத்திலிருந்தும் விடுதலை கிடைக்கும் என்று பலர் அவரைத் தேடி வந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் நியாயமான ஏக்கம் அது. ஆனாலும் உலக லாபத்துக்காக வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவர் அவசரப்படவில்லை. அவர்கள் வறுமையில் கேட்டார்கள். நாமோ வயிறு நிறைந்தபிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மக்களே, காணிக்கையோடு பலிபீடம் வரை வந்துவிட்டாலும், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். இந்தச் சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போக பஸ் ஏறுமுன் தங்கச்சி வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடவுள் தூரமாகப் போகவில்லை. அவள் வீட்டு வாசலில்தான் காத்திருக்கிறார்.

கோபம் வந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.