இரண்டு சட்டங்கள்

விழிஞ்ஞத்தில் கத்தோலிக்க மீனவர் வீடுகளில் நுழைந்ததும் கண்ணில் படுவது முன்னறைச் சுவர்தான். திரு இருதயப் படம், அதன் கீழே சிறிய சிவப்பு பல்பு, பக்கத்தில் கல்யாண போட்டோ, புதுநன்மை வாங்கிய பிள்ளையின் போட்டோ. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ லீவில் வரும்போது கொண்டுவரும் டிஜிட்டல் படச் சட்டமும் இப்போது இந்தச் சுவரருகே இடம் கேட்கிறது.

பத்து அங்குலத் திரை. மெமரி கார்டைச் செருகி ஸ்விட்சைத் தட்டினால் சில வினாடிக்கு ஒரு படம் மாறும். கேட்க எளிது. கார்டில் படம் ஏற்ற உட்காரும்போதுதான் வம்பு ஆரம்பம்.

பெரும்பாலான சட்டங்கள் ஜேபெக் படங்களையே படிக்கும். ஐபோன்களோ 2017 முதல் எச்.ஈ.ஐ.சி. என்ற வேறு வடிவத்தில் படங்களைச் சேமிக்கின்றன. மாற்றாமல் ஏற்றினால் பல சட்டங்களில் படமே வராது. அடுத்தது அளவு. 1280க்கு 800 என்ற திரையில் மொத்தம் சுமார் 10 லட்சம் புள்ளிகள். செல்போன் படத்திலோ 1.2 கோடி. அதை அப்படியே ஏற்றினால் சட்டம் திணறும்; சிறிதாக்கிய பிரதி போதும். நிமிர்த்தி எடுத்த படம் சில சட்டங்களில் படுத்துக்கொள்ளும். அதைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தி மறுபடி சேமிக்க வேண்டும்.

இதெல்லாம் கைவேலை, அரை நாளில் முடிந்துவிடும். எந்தப் படத்தை ஏற்றுவது என்பதுதான் லேசில் முடியாதது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தக் கடலைக் கலக்கியது. விழிஞ்ஞம், பூந்துறை, தமிழகப் பக்கம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று இந்தக் கரைகளிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை. சில உடல்களை மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் கண்டார்கள். பல வீடுகளுக்கு அந்த உடலும் கிடைக்கவில்லை. கடலுக்குப் போனவரோடு அவர் பையிலிருந்த போனும் போய்விடும், அதிலிருந்த படங்களும் போய்விடும். வீட்டில் மிஞ்சுவது கல்யாண ஆல்பமும், ஏதோ அட்டைக்காக எடுத்த பாஸ்போர்ட் படமும்தான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால், மாலை போடுவதா வேண்டாமா என்ற கேள்வி வரும். போட்டால், அவர் இல்லை என்று வீடே ஒப்புக்கொண்டதாகும். நாட்டின் சட்டத்துக்கு இந்தத் தயக்கம் கிடையாது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவலே இல்லை என்றால், அவர் உயிருடன் இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108வது பிரிவு சொன்ன இதையே, 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் சொல்கிறது. நிவாரணம் தர அரசு அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஆனாலும் ஒக்கியில் காணாமல் போனவர்களுக்கு அந்த ஏழு ஆண்டு 2024 நவம்பரில் முடிந்துவிட்டது. தாய்க்கும் மனைவிக்கும் கணக்கு வேறு.

மேஜைமேல் இருக்கும் இந்தச் சட்டம் எதையும் நிரூபிக்கச் சொல்வதில்லை. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கும் மகளின் நிச்சயதார்த்தத்துக்கும் நடுவே அவர் வருகிறார், சில வினாடி பார்க்கிறார், போகிறார். மறுபடியும் வருவார். ஒளித்திரைக்கு யாரும் மாலை போடுவதில்லை.

அதற்காகவாவது அந்தச் சின்னப் படத்தைச் சரியாக ஏற்ற வேண்டும். கண்ணாடிக்குள் இருப்பதை அப்படியே போனில் படம் பிடித்தால் விளக்கு வெளிச்சம்தான் விழும். வெளியே எடுத்து, கடையில் கொடுத்து, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யச் சொல்லலாம். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் அப்போது சுமார் 827க்கு 1063 புள்ளியாகும். பத்து அங்குலத் திரைக்கு இது தாராளம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் சேதமில்லாமல் வரும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சட்டம் படங்களைக் காட்டும் இடம், காப்பாற்றும் இடமல்ல. மெமரி கார்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். கடலோர உப்புக் காற்று எந்த மின்சாதனத்தையும் விட்டுவைப்பதில்லை. அதனால் ஏற்றுவது பிரதியாகவே இருக்கட்டும். ஸ்கேன் செய்த மூலம் வீட்டில் ஒரு பென்டிரைவிலும் வளைகுடாவில் இருப்பவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும்.

கரண்ட் போனால் திரை கறுத்துவிடும். எனவே நல்ல தாளில் ஒரு பிரின்ட் போட்டு பைபிளுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அதை எடுத்துச் சுவரில் மாட்டுவது எப்போது என்று அந்த வீடே முடிவு செய்துகொள்ளும்.