அளந்து வாங்கிய நம்பிக்கை

தலைவனுக்கு வேண்டுவன அறிவும் ஆற்றலும் என்று எளிதிற் சொல்லிவிடுகிறோம். அவ்விரண்டும் நிரம்பிய பலர், உடன் நிற்பார் ஒருவருமின்றி ஓய்ந்து போனதையும் கண்டிருக்கிறோம். பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் புகுந்த நமக்கு மிக நெருங்கிய வரலாறு ஒன்றை இம்மாதம் கூற விழைகின்றேன். அதன் களம், அந்நாளில் குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆனந்த் என்னும் ஊர்.

அப்பகுதி உழவர் தம் எருமைப்பாலை வணிகர் சொன்ன விலைக்கே விற்று வந்தனர். சர்தார் வல்லபபாய் படேலின் அறிவுரையை ஏற்று 1946-இல் அவர்கள் பதினைந்து நாள் ஒரு துளிப் பாலும் விற்க மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அவர்களுடைய கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. காந்தியத் தொண்டரான திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார்.

1949-இல் ஆனந்துக்கு வந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்தவர், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று படித்தமையால், கட்டுப்பாட்டின்படி அங்கிருந்த அரசுப் பாற்பண்ணைக்கு அனுப்பப்பட்டார். ஊர் அவருக்குப் பிடிக்கவேயில்லை. அவர் புறப்படும் வேளையில் திரிபுவன்தாஸ், பழைய இயந்திரங்களோடு போராடும் தம் ஒன்றியத்துக்குச் சில காலம் துணையிருக்க வேண்டினார். அச் சில காலம் வாழ்நாளாகிவிட்டது.

இருவருக்கும் மொழி வேறு, சமயம் வேறு, உணவும் வேறு. அயலான் கையில் நம் பாலையும் பணத்தையும் கொடுப்பதா என்று தலைவர் தயங்கியிருக்கலாம், தயங்கினார் அல்லர். ஆலையின் ஆட்சியைக் குரியனிடம் விட்டார். உழவரிடையிலும் அரசியலாரிடையிலும் எழும் இடர்களைத் தாம் தாங்கினார். குரியனும் தம்மை உழவரின் ஊழியர் என்றே கூறிக்கொண்டார். அமெரிக்காவில் உடன் பயின்ற நண்பர் தலாயாவையும் அவர் அங்கே நிறுத்திக்கொண்டார். எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று வெளிநாட்டு வல்லுநர் உரைத்ததைப் பொய்யாக்கியவர் அந்த நண்பரே. 1955-இல் பால்மா ஆலையை நேரு திறந்து வைத்தார்.

நண்பரைப் பணிக்கு அழைப்பது சலுகையன்றோ என்று வாசகர் வினவலாம். தகுதியில்லாரை நட்பின் பெயரால் நாற்காலியில் ஏற்றுவது சலுகையே. நம் சங்கங்கள் பல அதனாலேயே நலிந்தன. தலாயா அத்தகையவர் அல்லர் என்பதற்கு அவர் செய்த பால்மாவே சான்று. வள்ளுவரும் தெரிந்து தெளிதலை முன்னும் தெரிந்து வினையாடலைப் பின்னும் வைத்தாரன்றோ!

யான் பெரிதும் வியப்பது ஊர்ச் சங்கங்களில் நிகழ்ந்த சிறு செயலையே. பால் கொண்டுவருவோர் சாதி வேறுபாடின்றி ஒரே வரிசையில் நிற்பர். பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்குரிய விலையைக் கணக்கிடுவர். காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாட் காலையிலும் பணம் கிடைத்தது. ‘என் பாலைச் சோதிப்பதா?’ என்று எவரும் சினந்துகொள்ளவில்லை. அளவு அனைவருக்கும் ஒன்றாயிருந்தது. வணிகனிடம் பலகாலம் ஏமாந்த உழவரை எந்தச் சொற்பொழிவு இவ்வளவு விரைவில் நம்ப வைத்திருக்கும்? நம்மவரிடையே வரவுசெலவுக் கணக்கைக் கேட்டாலே நட்பு முறிந்ததாக எண்ணும் வழக்கம் உண்டு. பொங்கல் விழா முடிந்து மூன்று திங்களாகியும் கணக்கு வராத சங்கத்தில் கேட்க நாணுவதே பண்பு எனப்படுகிறது. அந்நாணத்தால் நண்பர்தாம் ஐயத்துக்கு ஆளாகிறார். கேட்டிருந்தால் அவர் பெயர் காக்கப்பட்டிருக்கும்.

1963-இல் திரிபுவன்தாசுக்கும் குரியனுக்கும் மக்சாசே விருது கிடைத்தது. பம்பாய்ப் பால் திட்டத்தின் குரோடியும் அதிற் பங்கு பெற்றார். 1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஓரிரவு தங்கி உழவரோடு உரையாடினார். மறு ஆண்டு தேசியப் பால்வள வாரியம் தோன்றியது.

1970-களில் திரிபுவன்தாஸ் தாமே பொறுப்பினின்று விலகினார். உறுப்பினர் ஆளுக்கு ஒரு ரூபாய் திரட்டி அவருக்கு அளித்தனர். அவர் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், சிற்றூர்த் தாய் சேய் நலத்துக்காக அறநிலையம் ஒன்றை அமைக்கக் கொடுத்துவிட்டார்.