ஒயர் இல்லாத சக்கரம்

"அக்கா, கிரைண்டர் வாங்கிட்டேன்!" என்று மச்சினன் போனில் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "எத்தனை லிட்டர்?"

"நாலு இஞ்ச்!"

உளுந்து ஆட்டுகிற கிரைண்டர் இல்லை ஸ்வாமி, இரும்பு அறுக்கிற கிரைண்டர். பட்டறைக்காரர்கள் ஏ.ஜி.4 என்பார்களே, அதன் புது அவதாரம். ஒயர் கிடையாது, பாட்டரியில் ஓடும். ஆன்லைனில் பண்டிகைத் தள்ளுபடி, கூடவே ஒரு சாண்டர். எங்கள் காவேரிப்பட்டினத்தில் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை சுப்ரபாதத்துக்குப் போட்டியாக எங்காவது ஒரு 'கிர்ர்ர்ர்' கேட்கிறது.

மச்சினனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. தினம் கம்பெனி பஸ்ஸில் 60 கிலோமீட்டர் சொச்சம். அங்கே அவன் ஆளே வேறு. காலில் ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி, காதில் அடைப்பான். சட்டைக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மெஷின் பக்கம் போனால் சூப்பர்வைசர் வெளியே அனுப்பிவிடுவார். அதே ஆள் வீட்டில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹவாய் செருப்போடு கேட்டில் துரு எடுக்க உட்காருகிறான். "கண்ணாடி எங்கேடா?" என்று கேட்டால், "சின்ன மெஷின்தானே மாமா... ஒயர்கூடக் கிடையாது!"

அந்த 'ஒயர்கூடக் கிடையாது'தான் வில்லங்கமே.

ஒயர் இருந்தவரை, வீலை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்குவது கைப்பழக்கமாக இருந்தது. பிடுங்கிய பிளக் கண்ணெதிரே தரையில் கிடக்கும். பாட்டரி மெஷினில் கரண்ட் உங்கள் கைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு கையில் வீல், மறு கையில் ஸ்பேனர் என்று திருகிக்கொண்டிருக்கும்போது உள்ளங்கை ஸ்விட்சில் அழுந்தினால் அது உங்களைக் கேட்டுக்கொண்டு சுற்றாது. ஆகவே வீல் மாற்றவோ, கார்டைத் திருப்பவோ, மெஷினைப் பையில் வைக்கவோ, முதல் வேலையாகப் பாட்டரியைக் கழற்றி மேஜைமேல் வையுங்கள். இனிமேல் அதுதான் உங்கள் பிளக்.

சின்ன மெஷின் என்றானே, கணக்குப் போடுவோம். பாட்டரி கிரைண்டர் பல, நிமிஷத்துக்கு 8,500 சுற்று சுற்றுகின்றன. நாலு இஞ்ச் வீலின் விளிம்பு அந்தச் சுற்றில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம்! வீல் என்பதோ, உராய்கிற தூளையும் ரெசினையும் கண்ணாடி இழை வலைமேல் அழுத்திச் செய்த பிஸ்கட். உடைந்தால் துண்டு அதே வேகத்தில் புறப்படும். துண்டுக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே இருப்பது இரும்பு கார்டு ஒன்றுதான். நம் ஆட்கள் முதலில் கழற்றுவதும் அதைத்தான். காரணம்? 'மறைக்குது சார்!'

கழற்றியபின் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிற மேதாவிகளும் உண்டு. பல் மரத்தில் சிக்கினால் மெஷின் அப்படியே ஆள்மேல் துள்ளும். கையால் அடக்கிவிடலாம் என்பதெல்லாம் சினிமாவில்.

வீல்மேல் பொடி எழுத்தில் ஒரு சுற்று எண் அச்சிட்டிருக்கும். அது மெஷினில் போட்ட எண்ணைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. நடுவில் உள்ள தகர வளையத்தையும் படியுங்கள். பல வீல்களில் காலாவதித் தேதி அங்கேதான் இருக்கும். பிரெட்டுக்கு மட்டும்தான் தேதி என்று நினைத்தீர்களா? ரெசினும் ஈரம் பட்டுப் பலமிழக்கும். கீழே விழுந்த வீலை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். ஒரு வீலின் விலையில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோகூட வராது.

மாட்டியதும் ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். கட்டிங் வீலின் விளிம்பால் அறுக்கலாம், பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது. தேய்க்க ஃபிளாப் டிஸ்க் இருக்கிறது. இரும்பைக் காலால் மிதித்துக்கொள்ளாமல் வைஸில் இறுக்குங்கள். பக்கக் கைப்பிடியையும் சேர்த்து இரண்டு கையாலும் பிடியுங்கள். பொறி எந்தப் பக்கம் பறக்கிறது, அங்கே பைக் நிற்கிறதா, வைக்கோல் இருக்கிறதா என்று ஆரம்பிக்குமுன்பே பார்த்துவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தபிறகும் பல மெஷின்களில் வீல் சில விநாடி சுற்றும். நின்றபின் கீழே வைத்தால் போதும், ஒன்றும் ரயில் போய்விடாது.

கிரானைட் அறுக்கப் போகிறீர்களா? வேண்டாம். கிருஷ்ணகிரி ஜில்லாவுக்குக் கிரானைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. தண்ணீர் விட்டு அறுக்கிற மெஷின்காரரிடம் விட்டுவிடுங்கள்.

பாட்டரியில் 18 வோல்ட்டா 20 வோல்ட்டா என்று மச்சினன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். உள்ளே வரிசையாக ஐந்து செல். முழுச் சார்ஜில் அளந்தால் 20, சராசரி 18. சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள். மே மாசத் தகரக் கூரைக்கடியில் வைப்பதும் கூடாது.

சாண்டர் சாது. அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும். ஆனால் பழைய ஜன்னல் பெயின்ட்டை மட்டும் அதால் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சாண்டர் அதைத் தூளாக்கி, தவழ்கிற குழந்தை கைவைக்கும் தரையில் பரப்பிவிடும். வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேயுங்கள், குழந்தையை வேறு வீட்டில் விட்டுவிட்டு.

கடைசியாகக் கண். பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்பவருக்கு: அதன் பக்கவாட்டு திறந்த வாசல். இரண்டு பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி தனி. அதையும் மீறித் துகள் விழுந்தால் கசக்காதீர்கள். வேஷ்டி நுனியால் எடுக்கிற பக்கத்து வீட்டு நிபுணரிடமும் போகாதீர்கள். நேரே கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறிக் கண் டாக்டரைப் பாருங்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு எடுத்துவிடுவார். காலையில் போகலாம் என்று படுத்துவிட்டால், இரும்புத் துகள் ராத்திரியே துருப்பிடிக்க ஆரம்பித்துக் கருவிழியில் ஒரு வளையம் போட்டுவிடும். அப்புறம் அதையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும்.