தலையெழுத்தும் கையெழுத்தும்

சென்ற மாதம் கொக்குவிலுக்குப் போயிருந்தேன். நம் டிவிசன் தோழர் ஒருவரின் மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு அறை பார்க்க வேண்டும். தகப்பனுக்கு லீவு இல்லை, நான் கூட்டிப் போனேன். வளாகத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்கார ஐயா ஒரு காலத்தில் கொட்டிலில் சுருட்டுச் சுற்றியவர். நல்ல மனிதர். கேட்காமலே வாடகையில் கொஞ்சம் குறைத்தார். தேநீரை நீட்டியபடி சொன்னார்: "தோட்டத்துச் சனம் பாவங்கள் தம்பி. என்ன செய்யிறது, அதுகளின்ர விதி அப்பிடி."

அவருக்குப் பின்னால் ஆணியில் பஞ்சாங்கம் தொங்கியது. கொக்குவில் என்றதும் நம் லயத்துப் பெரியவர்களுக்கும் பஞ்சாங்கம்தான் ஞாபகம் வரும். அங்கே சோதிடப் பிரகாச யந்திரசாலையில் அச்சாகி வந்த வாக்கிய பஞ்சாங்கம் மலையேறி நம் காம்பராக்கள் வரை வந்திருக்கிறது. என் மூத்த மகளின் கல்யாணத்துக்கு நானும் அதைப் புரட்டியவன்தான். ஆகவே கோயிலைக் குறை சொல்ல வந்துவிட்டான் என்று யாரும் இந்த ஏட்டை மடித்து வைக்க வேண்டாம். பொங்கலுக்கு நேரம் பார்ப்பதில் எனக்குச் சண்டை இல்லை. நம் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் சாவுக்கும் காரணம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்கிறார்களே, அதில்தான் சண்டை.

இதற்குள் ஐயா பிள்ளையின் பக்கம் திரும்பிவிட்டார். "இந்தப் பிள்ளையைப் பாருங்கோ. முயற்சி செய்தா ஆரும் முன்னுக்கு வரலாம்" என்றார். தோட்டத்துச் சனத்துக்கு விதி, இந்தப் பிள்ளைக்கு முயற்சி! இரண்டையும் ஒரே தேநீரில் கலக்கிவிட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னது: "எங்க ஸ்கூல்ல என்னய விட கெட்டிக்காரி ஒருத்தி இருந்தா ஐயா. அவ இப்ப கொழும்புல துணிக்கடையில நிக்கிறா."

அதற்கு மேல் அங்கே யாரும் பேசவில்லை. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை நம் பெரட்டுக்களத்திலும் தினம் கேட்கிறேன்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974-ல் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். சோதிடம் நம்புகிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐந்தேகால் இலட்சம் பேருக்கும் ஒரே நாளில் கடல் கடக்கும் யோகம் வந்ததா? மேஷராசிக்காரனும் மீனராசிக்காரியும் கைக்குழந்தையும் பாட்டியும் தலைமன்னாரில் ஒரே வரிசையில் நின்றார்களே, அவர்கள் எல்லாருக்கும் எந்தக் கிரகம் எந்த வீட்டில் இருந்தது? தொகையை முதலில் எழுதிவிட்டார்கள், ஆட்களை அப்புறம் தேடினார்கள். அதுதான் நடந்தது.

விருப்பம் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். விண்ணப்பம் போடச் சொன்னார்கள். ஒதுக்கிய தொகையைவிட மிக அதிகமானவர்கள் இலங்கையைத்தான் கேட்டார்கள். அந்த விருப்பத்தால் என்ன ஆனது என்று நீலகிரித் தோட்டங்களில் இன்று கொழுந்து எடுக்கும் நம் சொந்தங்களைக் கேளுங்கள். 1947 தேர்தலில் நம் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அடுத்த வருடமே 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. அதற்கடுத்து வாக்குரிமையும் போனது. சனி பார்த்ததால் போகவில்லை. பாராளுமன்றத்தில் கை தூக்கினார்கள், போனது.

மீரியபெத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைப் பக்கம் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் "விதி" என்றார்கள். துக்கத்தில் சொன்னது, அவர்களோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மண் சரியும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. ஒன்பது வருடம் காகிதத்தில் கிடந்தது எப்படி விதியாகும்?

அதிகாரத்தில் இருந்தவர்களின் பக்கத்திலிருந்து இன்னொரு பேச்சும் வந்தது: "போகச் சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை." அதாவது நம் சொந்த விருப்பத்தால் மண்ணுக்குள் போனோமாம்! எங்கே போவது? மாற்றுக் காணி எங்கே, வீடு எங்கே? லயத்தை விட்டால் வேலையும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும் என்ற நிலையில் இருப்பவனிடம் "உன் இஷ்டம்" என்பது, கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போன்றது. விதி என்றாலும் விருப்பம் என்றாலும், காணியை ஒதுக்கிக் கொடுக்க வேண்டியவர்களின் பெயர் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

உங்கள் லயத்துக்கு மேலே உள்ள மலையைப் பற்றி அப்படி ஒரு அறிக்கை இருக்கிறதா? தோட்டத் தலைவர் மூலம் துரையிடம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். அறிக்கையைத் தமிழில் கேளுங்கள்.

சம்பளக் கதைக்கு வருகிறேன். 2015 முதல் ஆயிரம் கேட்டோம். 2018 அக்டோபரில் காலிமுகத்திடலில் நம் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு கூடினார்கள். ஆனாலும் 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் என்று ஒப்பந்தம் முடிந்தது. அந்தக் காகிதத்தில் கம்பனிகளின் கையெழுத்து மட்டும் இல்லை, தொழிற்சங்கங்களின் கையெழுத்தும் இருந்தது. சங்கப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுதாவிட்டால் அந்த 700-ஐயும் கிரகத்தின் தலையில்தான் போட வேண்டிவரும். ஆயிரம் வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். ஏறியதும் பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கொழுந்துக் கிலோவைக் கூட்டினார்கள். அதையும் ஒரு மனிதர்தான் மேசையில் உட்கார்ந்து எழுதினார்.

தனியாக உழைத்து முன்னேறலாம் என்று பாடசாலைகளில் வந்து பேசுகிறவர்களையும் விட மாட்டேன். ஒருவர் ஏறிவிடலாம், மறுக்கவில்லை. இந்தப் பிள்ளை ஏறியிருக்கிறது, எனக்குப் பெருமைதான். ஆனால் தாய் இரண்டு கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் வாங்கிய மாதத்தில் டியூசன் காசு எங்கிருந்து வரும்? துணிக்கடையில் நிற்கும் அந்த மற்றப் பிள்ளை முயற்சி செய்யாமலா விட்டது?

புறப்படும்போது ஐயாவிடம் கொட்டில் காலத்தைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம். முதலாளி கூலியைக் கூட்ட மறுத்தபோது எல்லாருமாக இலையை வைத்துவிட்டு எழும்பினார்களாம். "சங்கம் இருந்தபடியால்தான் தம்பி, ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவெண்டு கூட்டி வாங்கினாங்கள்."

"அப்ப அதுவும் உங்க விதிதானா ஐயா?" என்றேன்.

சிரித்தார். "அது வேற கதை தம்பி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார். இந்த இதழில் ஒரு பிரதியை அவருக்கும் தபாலில் போடுகிறேன்.