"விரைவில்" என்றால் எப்போது?

விளம்பரத்தைத் தொட்டதும் வந்து நிற்கும் இணையப் பக்கத்தை 'லேண்டிங் பேஜ்' என்கிறார்கள். புரோகிராம் தெரியாதவரும் அதை அமைத்துக்கொள்ள, வருடச் சந்தாவுக்கு மென்பொருள் கிடைக்கிறது. நாக்பூரில் பொடி, ஊறுகாய் விற்கும் என் மாப்பிள்ளையும் அப்படி ஒன்றை வாங்கினார். அதில் கைபேசிக்கென்று எழுத்தின் அளவைக் குறைக்க வழியில்லை. தமிழ்ச் சொற்களோ நீளம். தலைப்பு நான்கு வரியாக உடைந்து, 'வாங்க' என்ற பொத்தானைத் திரைக்குக் கீழே தள்ளிவிடுகிறது. இரண்டு வருடமாகக் கேட்கிறார். "திட்டத்தில் இருக்கிறது, விரைவில் வரும்" என்பதே பதில். சந்தா மட்டும் தேதி தவறுவதில்லை.

தாமதத்தையே குற்றம் என்று சொல்லமாட்டேன். ரயில்வேயில் புதுவகைப் பெட்டி என்றால், லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ.வின் ஊசலாட்டச் சோதனை முடிந்த பிறகே வேகம் கொடுப்பார்கள். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று கெடும். 2007-இல் வந்த ஐபோனில், எழுத்தை நகலெடுத்து ஒட்டும் வசதி 2009-இல்தான் வந்தது. ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஆனால் தண்டவாள வேலைக்கு நாங்கள் 'பிளாக்' கேட்டால், கன்ட்ரோலர் நேரம் சொல்வார். அல்லது இன்று இல்லை என்பார். இல்லையென்றால் கேங்மேன்களை வேறு வேலைக்கு அனுப்பலாம். "செய்யப்போவதில்லை" என்று இவர்கள் ஒரு வரி எழுதினால் மாப்பிள்ளை வேறு மென்பொருள் பார்ப்பார். அது தெரிந்துதான் எழுதாமல் இருக்கிறார்களோ என்னவோ!

அடுத்த மாதம் சந்தா முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்பது என் கட்சி. நாற்பது பக்கங்களையும் மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டுமே என்று அவர் தயங்குகிறார்.