கற்பிக்கும் செவிலியர்

பிழைப்புக்காக நகரம் வந்த நம்மில் எத்தனை பேர், மருத்துவர் சொன்னது விளங்காமலே மருந்துச் சீட்டோடு வீடு திரும்பியிருக்கிறோம்! அதை விளங்கச் சொல்வதும் செவிலியர் பணியே. நர்சிங் படிக்கும் உங்கள் மகளுக்கு இவ்வழியும் திறந்திருக்கிறது.

அந்தமானைப் பாருங்கள். ஏ.என்.எம். பயிற்சி பெற்ற சாந்தி தெரசா லக்ரா, லிட்டில் அந்தமானின் டுகாங் க்ரீக்கில், அப்போது ஏறத்தாழ 100 பேரே இருந்த ஓங்கே மக்களிடையே பணியாற்றினார். 2004 சுனாமிக்குப்பின் அவர்கள் காட்டுக்குள் தங்கியபோது, தாமும் அவர்களோடு தங்கினார். முதலில் அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றார். பின்னரே அவர் சொல் எடுபட்டது. 2011-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

ஜி.என்.எம். அல்லது பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவர்கள் ஆறு மாதச் சமுதாய நலச் சான்றிதழ்ப் பயிற்சி பெற்று, துணைச் சுகாதார நிலையங்களில் சமுதாய சுகாதார அலுவலராகலாம். அப்பயிற்சி பாடத்திட்டத்திலேயே அடங்கிய பட்டதாரிகளுக்கு அது தனியே தேவையில்லை. சமுதாய நலச் செவிலியத்தில் எம்.எஸ்ஸி. பெற்றவர்கள் கல்லூரியில் கற்பிக்கலாம். இன்சுலின் போடவும் பாதங்களைப் பேணவும் நீரிழிவு நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பணி மருத்துவமனைகளிலும் உண்டு.

ஒன்றை மறைக்கலாகாது. வளைகுடா நாட்டுச் சம்பளம் இதில் கிடைக்காது. அரசுத் திட்டங்களில் பல இடங்கள் ஒப்பந்தப் பணிகளே. ஆகையால் சேருமுன் நியமன விதிகளைக் கேட்டறியுங்கள். ஆயினும், பொறுமையாய் எடுத்துச் சொல்லும் வரம் உங்கள் மகளிடம் இருந்தால், சம்பளத்தை மட்டும் காட்டி அவளைத் தடுக்காதிருங்கள்.